ஆறடி வேறுபாடு: ஒரு புதிர் இரவின் ஐந்து மேல்முறையீடுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 2024ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை இரவு நடந்த பொது அறிவுப் புதிர்ப் போட்டியின் முடிவு, அறிவித்த பத்து நிமிடங்களுக்குள் எதிர்ப்புக்கு உள்ளானது. முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு புள்ளி. எழுத்து மூலம் வந்த மேல்முறையீடுகளோ ஐந்து. கேள்விகளைத் தொகுத்துத் தமிழாக்கியவனும், மூன்று நடுவர்களில் ஒருவனும் நானே. ஆகவே இந்த ஆய்வின் பெரும்பகுதி என் பிழைகளைப் பற்றியதாகவே அமைகிறது.

ஏற்பாடு எளிமையானது. மேசைக்கு ஆறு பேர், நுழைவுக் கட்டணம் முப்பது வெள்ளி (ரிங்கிட்), மொத்தம் பதினான்கு மேசைகள். சுற்றுக்குப் பத்துக் கேள்விகள் வீதம் ஆறு சுற்றுகள்: ஊர், நாடு, உலகம், விளையாட்டு, திரை, பாட்டு. திரட்டிய பணம் பள்ளிப் பிள்ளைகளின் பேருந்துச் செலவுக்கு. முதல் பரிசு நன்கொடையாக வந்த முந்நூறு வெள்ளியும் ஒரு ஹேம்பர் பரிசுக் கூடையும். ஆங்கிலேயர் இதை மதுக்கூடத்தில் நடத்துவார்கள். இங்கே அப்படி நடத்தினால் பாதி மேசைகளுக்கு ஆளே வராது என்று மகளிர் அணியினர் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டதால், தே தாரே என்னும் ஆற்றிய பால் தேநீரும் வடையுமாகப் பொது மண்டபத்தில் நடந்தது. ஒவ்வொரு மேசையும் எழுதிய தாளை அடுத்த மேசையினர் திருத்தினர். ஐயம் இருந்தால் நடுவரிடம் கொண்டு வந்தனர்.

இரவு பத்தரைக்கு நான் அறிவித்த முடிவு இது: பால்மரம் மேசை 47, செம்பனை மேசை 46. பால்மரம் மேசையில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற தோட்டப் பாட்டாளிகள். தலைவர் ஒரு முன்னாள் மண்டோர், அதாவது தோட்டக் கண்காணி. செம்பனை மேசையில் படிவம் ஆறு மாணவர்களும் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும் இருந்தார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் அந்த மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள்.

"ஐயா, முருகன் சிலைக் கேள்விக்கு நாங்க எழுதினதுதான் சரி. சேலத்துச் சிலை ஆறடி கூட."

"அதெப்படி அம்மாடி?" என்றார் மண்டோர் தாத்தா, பின்னாலிருந்து. "பத்துமலையைத் தாண்டி ஒரு சிலையா? திறந்த வருசமே நான் போய்க் கும்பிட்டேன்."

"நீங்க போனப்ப அதுதான் தாத்தா பெருசு. இப்போ இல்ல."

மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. சிலையின் உயரத்தைப் பற்றிய பேச்சு நாட்டின் மானத்தைப் பற்றிய பேச்சாக மாற மூன்று நிமிடங்கள்கூட ஆகவில்லை. மேல்முறையீடு உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம், புதன்கிழமைக்குள் விடை சொல்கிறோம் என்று மற்றொரு நடுவர் ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகே கூட்டம் அடங்கியது. அன்றிரவு நாங்கள் எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான்.

சிலைக் கேள்வி

கேள்வி இவ்வாறு வாசிக்கப்பட்டது: "உலகிலேயே மிக உயரமான முருகன் சிலை எங்கு உள்ளது?" என் கையிலிருந்த விடைத்தாளில் பத்துமலை என்று இருந்தது. பத்துமலைச் சிலை 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது. உயரம் 140 அடி, அதாவது 42.7 மீட்டர். பதினாறு ஆண்டுகள் அந்த விடை சரியாகவே இருந்தது. 2022 ஏப்ரலில் சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் முத்துமலை முருகன் சிலை 146 அடி உயரத்தில் எழுந்தபோது அது தவறாகிவிட்டது. பதினான்கு மேசைகளில் செம்பனை மேசை மட்டுமே சேலம் என்று எழுதியிருந்தது. திருத்திய மேசையினர் விடைத்தாளை நம்பி அதை அடித்துவிட்டார்கள்.

விடைத்தாளில் பிழை எப்படி வந்தது என்று தேடினோம். செயற்குழு உறுப்பினர் ஒருவர் எங்கோ கிடைத்த பட்டியலை எனக்கு அனுப்பியிருந்தார். அவருக்கு அது வேறொருவரிடமிருந்து வந்தது. வாரக் கடைசியில் அதே போன்ற இன்னும் இரண்டு பட்டியல்கள் எங்கள் கைக்கு வந்தன. மூன்றிலும் ஒரே கேள்வியில் ஒரே எழுத்துப்பிழை இருந்ததால், மூன்றும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பது தெரிந்தது. தாய் யார், எந்த ஆண்டில் பிறந்தவள் என்பது மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. ஆண்டு எழுதப்படாத பட்டியலில் உள்ள "மிக உயரமான", "மிக நீளமான" என்ற விடைகள் அனைத்தும் நாள் முடிந்த மருந்தைப் போன்றவை. புட்டியில் தேதி அழிந்திருப்பதால் குடித்த பிறகே தெரியும்.

கைமாறி வரும் பட்டியலை நம்புவதன் ஆபத்துக்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்கரான பிரெட் வொர்த், 1974இல் வெளியிட்ட தம் பொது அறிவுக் களஞ்சியத்தில், தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் பிலிப் என்று வேண்டுமென்றே ஒரு பொய்யை நட்டு வைத்தார். யாராவது திருடினால் அகப்படட்டும் என்பது எண்ணம். கனடாவில் 1979இல் கிறிஸ் ஹேனியும் ஸ்காட் ஆபட்டும் உருவாக்கிய டிரிவியல் பர்சூட் விளையாட்டில் அதே பிலிப் விடையாக வந்து நின்றார். வொர்த் 30 கோடி டாலர் கேட்டு 1984இல் வழக்குத் தொடுத்தார். உண்மைகளுக்கு எவரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது என்ற அடிப்படையில் தோற்றார், 1987இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். வழக்கில் வென்றவர்களின் அட்டையில் இருந்த விடை, பொய்யான விடைதான். எங்கள் பட்டியலில் அப்படி எவரும் பொறி வைக்கவில்லை. காலமே வைத்துவிட்டது.

தீர்ப்பு: சேலம் சரி, பத்துமலை தவறு. பால்மரம் 46, செம்பனை 47. இதோடு ஆய்வை நிறுத்தியிருந்தால் பரிசு கைமாறியிருக்கும்.

காற்பந்துக் கேள்வி

இரண்டாவது மேல்முறையீட்டைக் கொடுத்தது பால்மரம் மேசை. கேள்வி: "மலேசியக் காற்பந்து அணி எத்தனை முறை ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றது?" விடைத்தாளில் ஒன்று என்று இருந்தது. செம்பனைப் பிள்ளைகள் ஒன்று என எழுதிப் புள்ளி பெற்றார்கள். பெரியவர்கள் இரண்டு என எழுதி இழந்தார்கள்.

பெரியவர்கள் எழுதியதே சரி. 1972இல் மியூனிக்கில் மலேசியா விளையாடியது. 1980 ஏப்ரல் 6 அன்று மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கும் தகுதி பெற்றது. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்தபோது மலேசியாவும் போகவில்லை. ஆகத் தகுதி பெற்றது இருமுறை, ஆடியது ஒருமுறை. 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த கோல் காவலர் ஆர். ஆறுமுகம், சோ சின் ஆவுன், சந்தோக் சிங் ஆகியோரின் காலம் அது. தோட்டத்து லயத்தில் ஒரு வானொலியைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைக் கேட்டவர்களிடம் போய் "ஒன்று" என்று சொன்னால் எப்படி ஏற்பார்கள்?

இங்கே பட்டியலின் மீது பழிபோட எனக்கு வழியில்லை. மூலப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தபோது அதில் "விளையாடியது" என்ற பொருள் தரும் சொல்லே இருந்தது; விடை ஒன்று என்பதும் அந்தச் சொல்லுக்குப் பொருத்தமானதே. தமிழாக்கும்போது "விளையாடியது" கொஞ்சம் சப்பென்று இருக்கிறதே என்று நான்தான் "தகுதி பெற்றது" என்று எழுதினேன். கேள்வி மாறிவிட்டது, விடை மாறவில்லை. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளின் கட்டுரைகளில் சொல்லழகுக்குப் புள்ளி கொடுத்துப் பழகிய கைக்கு இது தேவைதான் என்று என் மனைவி சொன்னார்.

தீர்ப்பு: இரண்டு என்பதே சரி. பால்மரம் 47, செம்பனை 46. இரண்டு பிழைகள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று மறைத்திருக்கின்றன. முதலில் அறிவித்த எண்களே திரும்ப வந்துவிட்டன. ஒரே ஒரு மேல்முறையீட்டை மட்டும் விசாரித்து முடிவை மாற்றியிருந்தால், சரியான விடையைக் கொண்டு தவறான வெற்றியாளரைத் தேர்ந்தெடுத்திருப்போம். அதனால்தான் ஐந்தையும் முடிக்காமல் எதையும் வெளியே சொல்வதில்லை என்று நடுவர்கள் தீர்மானித்தோம். ஊரில் அதுவரை பரவிய வதந்திகள் தனிக் கதை.

பாட்டுக் கேள்வி

பாட்டுச் சுற்றில் ஒரு துண்டை ஒலிக்கவிட்டு "இந்தப் பாடலின் பாடகர் யார்?" என்று கேட்டோம். பாட்டு, 1977இல் வெளிவந்த 16 வயதினிலே படத்தின் 'ஆட்டுக்குட்டி முட்டையிட்டு'. எதிர்பார்த்த விடை மலேசியா வாசுதேவன். இந்த நாட்டில் பிறந்து, இளையராஜாவின் இசையில் அந்தப் படத்தின் வழியாகத் தமிழ்நாடெங்கும் பெயர் பெற்றவர் அவர் என்பதால், ஊர்ப்பற்று கலந்த எளிய கேள்வி என்று நினைத்தோம். செம்பனை மேசை எழுதியது எஸ். ஜானகி.

அது இருவர் பாடிய பாட்டு. நாங்கள் வெட்டிய துண்டில் இருவர் குரலும் வந்தது. "பாடகர்" என்றால் ஆண் என்று நாங்கள் கருதியது எங்கள் மனத்திற்குள் இருந்ததே தவிர, கேள்விக்குள் இல்லை. தமிழில் மரியாதைக்குரிய அந்த "அர்" விகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது என்பதை ஐந்தாம் ஆண்டு மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தவனே மறந்துவிட்டேன். மூன்று நடுவர்களில் ஒருவர், பெண்குரலைக் கேட்க விரும்பினால் பாடகி என்று கேட்டிருப்போம் அல்லவா என்று வாதாடினார். அது கேள்வி எழுதுபவரின் வழக்கத்தைப் போட்டியாளர் ஊகிக்க வேண்டும் என்று சொல்வதாகும் என்பதால் மற்ற இருவரும் ஏற்கவில்லை. நியாயமாகப் பார்த்தால், இருவர் பெயரையும் எழுதிய மேசைக்கே முழுத் தகுதி உண்டு. அப்படி எழுதியது ஒரே ஒரு மேசை, அவர்கள் பன்னிரண்டாம் இடத்தில் இருந்தார்கள்.

தீர்ப்பு: இரண்டு பெயர்களில் எதுவாயினும் புள்ளி. பால்மரம் 47, செம்பனை 47.

மற்ற இரண்டு

நான்காவது மேல்முறையீடு, முதலிரு இடங்களைத் தொடாவிட்டாலும், எனக்கு மிகவும் பிடித்தது. "மலாயாவில் முதல் ரப்பர் மரம் நடப்பட்ட ஊர் எது?" என்று கேட்டிருந்தோம். பக்கத்து ஊரான கோலகங்சார் என்பது விடை. அந்த ஊர் மரத்தைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை இந்த வட்டாரத்தில் இருக்க முடியாது. ஒரு மேசை சிங்கப்பூர் என்று எழுதி, ஒரு பக்கத்துக்கு வாதமும் இணைத்திருந்தது. ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளிலிருந்து முளைத்தவற்றில், 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாருக்குப் போயின. கன்றுகள் முதலில் இறங்கிய மண் சிங்கப்பூர்தானே, அந்தக் காலத்தில் மலாயா என்று சொன்னால் அதையும் சேர்த்துத்தானே சொன்னார்கள் என்பது வாதம். மறுக்க எங்களிடம் வலுவான பதில் இல்லை. கேள்வியில் "இன்றைய மலேசிய எல்லைக்குள்" என்று மூன்று சொற்கள் இருந்திருந்தால் அந்தப் பக்கமே எழுதப்பட்டிருக்காது. இரு விடைகளையும் ஏற்றோம்.

ஐந்தாவது, பூப்பந்துக்கான தாமஸ் கிண்ணம். மலேசியா எத்தனை முறை வென்றது என்பதற்கு ஒரு மேசை இரண்டு என எழுதியிருந்தது. 1949, 1952, 1955 ஆகிய மூன்று வெற்றிகளும் மலாயா என்ற பெயரில் வந்தவை, 1967உம் 1992உம் மட்டுமே மலேசியாவுக்குரியவை என்பது அவர்கள் கணக்கு. நாடு எந்த ஆண்டு பிறந்தது என்ற கேள்விக்கு மலாயா விடுதலை பெற்ற 1957 என்றும் மலேசியா உருவான 1963 என்றும் இரு விடைகள் உலவுவதற்குக் காரணமான அதே குழப்பம்தான் இதுவும். ஆனால் பூப்பந்து உலகம் ஐந்தையும் ஒரே கணக்கில்தான் எண்ணி வருகிறது. எனவே ஐந்து என்ற விடையை மாற்றவில்லை. அந்த மேசையினர் இன்றளவும் ஒப்புக்கொள்ளவில்லை.

புதன்கிழமை மாலை ஒட்டுக்கடையில் இரு மேசைத் தலைவர்களையும் வரவழைத்துச் சமநிலையைச் சொன்னோம். சமனானால் கேட்பதற்கு நான் வைத்திருந்த கேள்வி, பத்துமலைப் படிகளின் எண்ணிக்கை. 272 என்பதைச் சொல்லத் தெரியாத ஒருவரை இந்த நாட்டுத் தமிழரில் காண்பது அரிது; முடிச்சவிழ்க்கும் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமற்றது கிடைக்காது. பணத்தை நூற்றைம்பது நூற்றைம்பதாகப் பிரித்தோம். ஹேம்பரைப் பிரிக்க முடியாததால் மண்டோர் தாத்தா அதைப் பிள்ளைகளிடம் தள்ளிவிட்டார், பிஸ்கட் டின்னை மட்டும் எடுத்துக்கொண்டு.

சிக்கலின் வேர்

அறுபது கேள்விகளில் ஐம்பத்தைந்துக்கு எந்த எதிர்ப்பும் எழவில்லை. அவற்றைத் தனியே எடுத்துப் படித்தபோது ஒரு பொதுத்தன்மை தெரிந்தது. 1919 ஜூன் 16 அன்று இந்த ஊரில் பிறந்து, மலேசிய இந்தியர் காங்கிரசான ம.இ.கா.வின் தலைவராக 1955 முதல் 1973 வரை இருந்தவர் யார்? பெருந்தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கும் தோட்டத் துண்டாடலைத் தடுக்க 1960இல் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கம் எது? கோலாலம்பூரில் பிறந்து 1964இல் காதலிக்க நேரமில்லை படத்தில் அறிமுகமான கதாநாயகன் யார்? மலாய்த் திரைக்கலைஞர் பி. ரம்லி முதன்முறையாகக் கதாநாயகனாக நடித்த 1950ஆம் ஆண்டுப் படத்தை இயக்கிய தமிழர் யார்? இவற்றுக்குத் துன் சம்பந்தன், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், ரவிச்சந்திரன், எல். கிருஷ்ணன் என்பதைத் தவிர வேறு விடை நுழைய இடமே இல்லை. நிலநிதிச் சங்கத்தின் பெயர் வாசிக்கப்பட்டபோது, பால்மரம் மேசையிலிருந்த பாட்டி ஒருவர் மாதம் பத்து வெள்ளி கட்டியதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னதால் அந்தக் கேள்வியின் மறைவு போய்விட்டது என்பது வேறு விஷயம்.

எதிர்க்கப்பட்ட ஐந்திலோ "மிக", "முதல்", "எத்தனை முறை", "யார்" என்ற ஒருமை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று, தன்னைத் தாங்கும் எல்லைக்கோடு இல்லாமல் நின்றது. விடை தெரியாததால் எழுந்த சண்டை ஒன்றுகூட இல்லை. சண்டையிட்ட எல்லோருக்கும் விடை தெரிந்திருந்தது, கேள்விதான் இரண்டாக இருந்தது.

இத்தகைய சண்டை ஒரு பதிப்புத் தொழிலையே பெற்றெடுத்திருக்கிறது. 1951இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் பகுதியில் வேட்டைக்குப் போன கின்னஸ் மதுபான நிறுவன நிர்வாகி ஹியூ பீவர், ஐரோப்பாவின் வேட்டைப் பறவைகளில் வேகமானது எது என்ற வாதத்தில் சிக்கி, எந்த நூலிலும் விடை காணாமல், மதுக்கூட வாதங்களைத் தீர்க்க ஒரு நூல் வேண்டும் என்று எண்ணினார். முதல் பதிப்பு 1955 ஆகஸ்டில் வந்தது. அந்த நூல் ஆண்டுதோறும் புதிதாக அச்சாகிறது என்பதில்தான் எங்களுக்கான பாடம் இருந்தது; "மிக" என்று தொடங்கும் விடையை ஓராண்டுக்கு மேல் நம்ப அவர்களே தயாராக இல்லை.

அடுத்த தாளுக்குச் செய்தவை

மறு ஆண்டுப் போட்டிக்குக் கேள்விகளை வெளியிலிருந்து வாங்கவில்லை. எழுதிய ஒவ்வொரு கேள்வியையும், அதை எழுதாத இருவர், விடைத்தாளைப் பார்க்காமல் தனித்தனியே விடையளித்தார்கள். அவர்களின் விடை வேறுபட்டால் யார் சரி என்று நாங்கள் பேசவில்லை, கேள்வியைத் திருத்தினோம். "உலகிலேயே மிக உயரமான" என்பது "2006 ஜனவரியில் திறக்கப்பட்ட பத்துமலை முருகன் சிலை எத்தனை அடி?" என்று ஆனது. காற்பந்து, "மலேசிய அணி தகுதி பெற்றும் செல்லாமல் விட்ட ஒலிம்பிக் எந்த நகரில் நடந்தது?" என்று திரும்பி வந்தது, இந்தக் கேள்வி முந்தையதைவிடக் கடினம், ஆனால் விடை ஒன்றே. பாட்டுச் சுற்றில் "பாடிய இருவரில் ஒருவரைச் சொன்னால் ஒரு புள்ளி, இருவரையும் சொன்னால் இரண்டு" என்று முன்கூட்டியே அறிவித்தோம்.

முதல் தமிழ்ப் பேசும் படம் பற்றிய கேள்வியை நீக்கிவிட்டேன். 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்த காளிதாஸ் என்பது எல்லோரும் அறிந்த விடைதான். ஆனால் நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச நாயகன் தெலுங்கில் பேசிய படத்தை முழுத் தமிழ்ப் படம் என்று சொல்லலாமா என்று எங்கள் ஊரில் கேட்கக்கூடியவர்கள் குறைந்தது நான்கு பேர். முதல் மலாய்ப் படமாகக் கருதப்படும் லைலா மஜ்னுனும் அவ்வாறே, இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை, ஆண்டு மட்டும் 1933 என்றும் 1934 என்றும் எழுதப்படுகிறது. ஆண்டைக் கேட்காமல் இயக்குநரைக் கேட்டோம்.

சமநிலை முறிக்க, கினபாலு மலையின் உயரத்தை மீட்டரில் ஊகித்து எழுதச் சொல்லி, 4,095க்கு மிக அருகில் வருபவரை எடுப்பதென்று வைத்திருந்தோம். தேவைப்படவில்லை, மூன்று புள்ளி வேறுபாட்டில் முதல் இடம் முடிவானது.

மேல்முறையீடு ஒன்றே ஒன்று வந்தது. "1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொக்கோனியே, நாட்டில் வணிக நோக்கில் செம்பனை பயிரிட்ட தோட்டத்தின் பெயர் என்ன?" என்பது கேள்வி. விடை, கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டம். ஒரு மேசை "தென்னை மரம்" என்று இரு சொல்லாகத் திருத்தமான தமிழில் எழுதியிருந்தது. தாளைத் திருத்திய பிள்ளைகள், செம்பனையைப் பற்றிக் கேட்டால் தென்னையைச் சொல்லி விளையாடுகிறார்கள் என்று எண்ணிப் பெரிதாகக் குறுக்குக் கோடு போட்டுவிட்டார்கள். எழுதியவரோ அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். விசாரணை அரை நிமிடம் நீடித்தது.